ஆப்ப சோடாவுக்குக் கமிஷன் கிடையாது

என் காருக்கு ஓட்டுப் போடும் வயசு எப்போதோ வந்துவிட்டது. 2006-ல் வாங்கிய மாருதி 800. அந்த மாடலைக் கம்பெனி 2014-லேயே நிறுத்திவிட்டது. நான்தான் இன்னும் நிறுத்தவில்லை. அதுவாக அவ்வப்போது நின்றுகொள்ளும்.

"வித்துத் தொலைங்களேன்" என்பாள் என் மனைவி.

"விக்கலாம். வாங்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குடும்ப வண்டியைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் தாயில்பட்டியில் என் மச்சினரின் பேத்திக்குக் காதுகுத்து. தாயில்பட்டி தெரியாதவர்களுக்கு: விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. பெட்டியில் 'சிவகாசி' என்று அச்சடித்து வந்து, தீபாவளிக்கு நீங்கள் பற்றவைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறீர்களே, அதில் ஒரு பங்கு இந்த வட்டாரத்துக் கந்தகக் கைகளின் உழைப்பு. நாங்கள் காரிலேயே கிளம்பினோம். விருதுநகரில் புரோட்டாவுக்கு நிறுத்தியபோதும் சாத்தூரில் சேவு வாங்க நிறுத்தியபோதும் மறுபேச்சு பேசாமல் ஸ்டார்ட் ஆயிற்று. இந்த நல்ல நடத்தையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

காதுகுத்து ஜாம்ஜாமென்று நடந்தது. குழந்தை போட்ட கூச்சலில் அன்றைக்கு ஊரில் தனியாக வெடி வெடிக்கத் தேவைப்படவில்லை. மடி கொடுத்த தாய்மாமன் என் மச்சினர் மகன். வயசு இருபத்துநாலு. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு பட்டாசு ஆலை ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். ஆலை திறந்தால் சம்பளம், மூடினால் வீடு. அப்படிப்பட்டவன் இரண்டு கிராமில் கம்மல் போட்டிருந்தான். இன்றைக்குத் தங்கம் விற்கிற விலையில் இரண்டு கிராம் என்பது சின்ன விஷயமா?

"எப்படிடா மாப்ளே?" என்றேன்.

"நெட்டுல கொஞ்சம் வருமானம் வருது மாமா."

"ஆன்லைன்ல பட்டாசு விக்கறியா?"

"ஐயையோ, அது கூடாது மாமா. கோர்ட் ஆர்டர் இருக்கு."

இருக்கிறது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், இணைய வியாபாரத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்பது ஒரு கட்டளை. சொந்த ஊரில் தயாராவதைத் தாயில்பட்டிப் பையன் அங்கே விற்க முடியாது. யாரோ எங்கேயோ செய்ததை விற்றுக் கொடுக்கலாம்.

"பிறகு எதுல வருமானம்?"

"கார் ரிப்பேர் மாமா. உங்க காரை நீங்களே சரி பண்றது எப்படின்னு சொல்லிக் கொடுக்கற வெப்சைட்."

பையனிடம் இருப்பது ஒரு பழைய மொபெட்.

* * *

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். சாவியைத் திருப்பினேன்.

"டக்."

மறுபடி திருப்பினேன். மறுபடி அதே ஒற்றை "டக்". செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்குகள் ஐப்பசி மாதத்துச் சூரியன் மாதிரி மங்கலாக எரிந்து அணைந்தன.

"அண்ணே, காபி குடிச்சிட்டுப் பாருங்க" என்றார் மச்சினர் மனைவி. நம் நாட்டில் எந்த இயந்திரக் கோளாறுக்கும் முதல் சிகிச்சை இதுதான்.

காபி குடித்தேன். "டக்."

நிபுணர் வீட்டிலேயே இருக்கும்போது என்ன கவலை? மருமகன் செல்போனில் தன் தளத்தைத் திறந்து காட்டினான். 'கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஏழே காரணங்கள்!' என்று தலைப்பு. நல்ல தமிழ், படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கம். பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் சுவிட்ச், ரிலே, பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பிளக். ஒவ்வொன்றுக்கும் கீழே மஞ்சளாக ஒரு பட்டன்: 'விலை பார்க்க'. பார்த்தேன். ஏழையும் வாங்கினால் ஆகும் தொகை, என் காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகமாக இருந்தது.

"இந்தப் பட்டன்லதான் காசா?"

"ஆமா மாமா" என்று விளக்கினான். காது குளிரக் கேட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த மஞ்சள் பட்டனுக்குள் ஒரு விலாசம் இருக்கிறது. விலாசத்தின் வாலில் பையனுடைய அடையாளக் குறி. நீங்கள் அதை அமுக்கினால் கடைக்குப் போவீர்கள். உங்களை அனுப்பியது இவன்தான் என்று கடை குறித்துக்கொள்ளும். நீங்கள் வாங்கினால் விலையில் நூற்றுக்கு இத்தனை என்று கடை அவனுக்குக் கொடுக்கும். உங்களுக்கு விலை ஏறாது. வெறுமனே பார்த்துவிட்டு வந்தால் அவனுக்கு ஒரு பைசா கிடையாது. வாங்கித் திருப்பி அனுப்பினாலும் கிடையாது. அமேஸான் 1996-ல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. இப்போது உலகமெங்கும் இப்படிச் சிபாரிசு வேலை செய்கிறவர்கள் லட்சக்கணக்கில்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவர்கள் கணக்கில் பொதுவாக 24 மணி நேரம் ஒரு கெடு. பிரேக் ஷூ பார்க்கப் போனவர் அதை விட்டுவிட்டு, அந்தக் கெடுவுக்குள் அதே கடையில் ஒரு குக்கர் வாங்கினாலும் கமிஷன் உண்டு.

"போன மாசம் என் மூலமா ஒருத்தர் சுடிதார் எடுத்திருக்கார் மாமா. கிளட்ச் பத்தி எழுதின கட்டுரைலேருந்து போய்."

கிளட்ச் படிக்கப் போய் சுடிதாரில் முடித்தவர் யாரோ, எந்த ஊரோ. கல்யாணமானவர் என்று மட்டும் தெரிகிறது.

"சரி, எவ்வளவு தேறும்?"

சரக்குக்குச் சரக்கு சதவீதம் மாறும் என்றான். ஒரு கணக்குக்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் படிக்கிறார்கள். ஐம்பது பேர் பட்டனை அமுக்குகிறார்கள். மூன்று பேர் ஆளுக்கு நாலாயிரம் ரூபாயில் பேட்டரி வாங்குகிறார்கள். கமிஷன் அறுநூறு ரூபாய். மற்ற 997 பேருக்கு அவன் சொல்லிக் கொடுத்தது தர்ம கணக்கு.

ஆக, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது மாணவன் அல்ல. பள்ளிக்கூட வாசலில் நோட்டுப் புத்தகம் விற்கிற கடைக்காரர்.

* * *

ஏழு காரணங்களில் எதுவென்று நாங்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது மச்சினர் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டாசு லோடு ஏற்றும் லாரிகளை முப்பது வருஷமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி. பானெட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

"என்ன சார், பேட்டரில பஞ்சுமிட்டாய் வளர்த்து வச்சிருக்கீங்க?"

உண்மைதான். பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் பச்சையுமாக மாவு பூத்திருந்தது. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது; வெளியே வர வழியில்லை. விளக்கு மங்கலாகவாவது எரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே வாயில் பெரிய கவளமாகக் கேட்கும். அது இந்த மாவைத் தாண்டி வராது. அதுதான் "டக்".

"தாயி, ஆப்ப சோடா இருக்கா?" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்.

வந்தது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொண்டால் ஒரு நாள் உதவும்.

முதலில் கறுப்பு ஒயர், அதாவது மைனஸ் முனை. அதைக் கழற்றினார். பிறகுதான் சிவப்பு. "ஏன் இந்த வரிசை?" என்று கேட்டேன்.

"கார் பாடி முழுக்க மைனஸோட சேர்ந்தது சார். சிவப்பை முதல்ல கழட்டும்போது ஸ்பேனர் தவறிப் பாடில பட்டா பொறி பறக்கும். பேட்டரிலேருந்து ஹைட்ரஜன் வாயு வேற வரும். பொறியும் வாயுவும் சேர்ந்தா என்னாகும்னு எங்க ஊர்க்காரனுக்குப் பாடம் எடுக்கணுமா?"

வேண்டாம். இரும்புக் கருவி உரசினால் பொறி வரும் என்று மருந்து அறைக்குள் அதைச் சேர்க்காத ஊர் இது.

பிறகு வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து, பேட்டரி மூடித் துவாரத்துக்குள் இறங்காதபடி முனைகளில் மட்டும் ஊற்றினார். நுரைத்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, உப்புத்தாளால் இரண்டு முனைகளையும் கிளிப்புகளையும் பளபளவென்று ஆக்கினார். மாட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு. இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின். கறுப்பு ஒயரின் மறு நுனி பாடியில் சேரும் இடத்திலும் துருவைச் சுரண்டினார்.

"போடுங்க சார்."

சாவியைத் திருப்பினேன். கார் கனைத்துக்கொண்டு கிளம்பியது. மீட்டரை வைத்துக் காட்டினார். இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட். "பதிமூணரைலேருந்து பதினாலரை வரைக்கும் காட்டினா ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். ஆஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க, பன்னெண்டரை பக்கத்துல நிக்கணும். அதுக்கு ரொம்பக் கீழே போனாத்தான் பேட்டரியச் சந்தேகப்படணும்."

"எவ்வளவு அண்ணாச்சி?"

"ஐம்பது ரூவா குடுங்க. ஆப்ப சோடா உங்க வீட்டுது."

அவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஸ்பேர் பார்ட்ஸ் கடைல உங்களுக்குக் கமிஷன் உண்டா?"

கொஞ்சமும் தயங்கவில்லை. "உண்டு சார். பேட்டரி மாத்தச் சொல்லியிருந்தா எனக்கு எரநூறு முந்நூறு நின்னிருக்கும். ஆனா நாளைக்கு உங்க மச்சினர் மூஞ்சில முழிக்கணுமே. ஒரே தெரு."

அந்த ஒரே தெருவில்தான் விஷயமே இருக்கிறது.

* * *

பெரியவர் போனபின் மருமகனிடம் கேட்டேன். "இது ஏன்டா உன் ஏழு காரணத்துல இல்ல?"

பேசாமல் நின்றான். பிறகு, "இருந்துச்சு மாமா. எட்டாவதா இருந்துச்சு. எடுத்துட்டேன்" என்றான்.

"ஏன்?"

"அதைப் படிச்சா அப்படியே எந்திரிச்சுப் போயிடறாங்க. ஆப்ப சோடாவுக்குக் கமிஷன் கிடையாதே."

அவன் பொய் எதுவும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழு காரணமும் உண்மை. எட்டாவதை எழுதாமல் விட்டான், அவ்வளவுதான். நம்மை ஏமாற்ற நினைப்பவர்கள் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். பாதிப் பேர் சும்மா இருந்தே காரியத்தை முடித்துவிடுகிறார்கள்.

உள்ளே போய்ச் செல்போனில் ஒரு கடிதத்தைக் காட்டினான். யாரோ ஒரு டாக்ஸி டிரைவர் எழுதியது. இவன் கட்டுரையைப் படித்து நாலாயிரம் ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கி மாட்டியிருக்கிறார். மறுநாளும் "டக்". கடைசியில் பார்த்தால் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டில் துரு. சுரண்ட ஐந்து நிமிஷம். நாலாயிரம் போனதோடு இரண்டு நாள் சவாரியும் போயிற்று. திட்டி எழுதவில்லை. 'தம்பி, இதையும் உங்கள் லிஸ்ட்டில் சேர்த்தால் மற்றவர்களுக்கு உதவும்' என்று எழுதியிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அதுல எனக்கு எரநூறு ரூவா வந்துச்சு மாமா. அந்த மாசக் காசும் சேர்ந்துதான் கம்மல்."

கூடத்தில் குழந்தை சிவந்த காதோடு தூங்கிக்கொண்டிருந்தது.

அவனை நான் வில்லனாக்கத் தயாரில்லை. ஆலை மூடிக் கிடக்கும் மாதங்களில் அந்த வீட்டுக்கு அரிசி வருவதில் இந்த மஞ்சள் பட்டனுக்கும் பங்கு உண்டு. தங்கை நர்சிங் படிக்கிறாள். நானே ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, இந்தப் பத்திரிகையும் விளம்பரங்களின் தயவில்தான் ஓடுகிறது. என் சன்மானத்திலும் ஏதோ ஒரு தைல கம்பெனியின் பங்கு இருக்கலாம்.

சரக்கு விற்கிறவன் செலவில் புத்தி சொல்வது ஒன்றும் புதுசும் இல்லை. பிரான்சில் மிஷெலின் சகோதரர்கள் டயர் கம்பெனி வைத்திருந்தார்கள். 1900-ல் கார்காரர்களுக்கென்று ஒரு கையேடு போட்டு, சுமார் 35,000 பிரதிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாட்டில் இருந்த கார்கள் மூவாயிரம்கூடத் தேறாது. டயர் மாற்றுவது எப்படி, மெக்கானிக் எங்கே, பெட்ரோல் எங்கே, ராத்திரி தங்க ஓட்டல் எங்கே என்றெல்லாம் அதில் இருந்தது. நாலு ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் நம்மிடம்தானே வருவான் என்பது கணக்கு. இருபது வருஷம் கழித்து ஒரு டயர் கடையில் மேஜைக்கு முட்டுக் கொடுக்க இந்தக் கையேட்டை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, 1920-லிருந்து காசு வாங்க ஆரம்பித்ததாகக் கம்பெனியே சொல்லும் கதை உண்டு. ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுத்து இன்று சமையல்காரர்களை நடுங்க வைப்பது அந்தக் கையேடுதான்.

சிபாரிசுக் கமிஷனில் நாணயமாகவும் பிழைக்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் 2011-ல் பிரையன் லாம் என்பவர் 'வயர்கட்டர்' என்று ஒரு தளம் தொடங்கினார். எந்தப் பொருளை வாங்கலாம் என்று சோதித்துப் பார்த்துச் சொல்வது, கமிஷனில் சம்பாதிப்பது. மோசமான சரக்கைச் சொன்னால் வாங்கியவர் திருப்பி அனுப்புவார், கமிஷனும் போகும், ஆளும் போவார். ஆகவே நல்லதைச் சொல்வதுதான் லாபம். 2016-ல் 'நியூயார்க் டைம்ஸ்' அதைச் சுமார் மூன்று கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் இந்தத் தத்துவத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. எதை வாங்குவது என்பதில் அது நியாயமாக இருக்கும். வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அதில் கமிஷன் இல்லை.

'கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்கே போய்விட்டால்?' என்பீர்கள். அங்கேயும் மஞ்சள் பட்டன் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்துக்கொண்டதாக 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. சாமான்யன் தன் காரைத் தானே கழற்றிப் பார்க்கக் கிளம்பியதற்கும், மருமகன் மாதிரிப் பையன்களுக்கு வாசகர்கள் கிடைத்ததற்கும் இந்த மாதிரிப் பூட்டுகளும் ஒரு காரணம்.

* * *

"உன் தளத்துல கமிஷன் வாங்கறதைச் சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா." பக்கத்தைத் தள்ளினான், தள்ளினான், அடிவாரத்துக்கே போனான். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் படித்துக் காரைக் கழற்றுகிறவருக்கு ஆங்கிலத்தில் எச்சரிக்கை.

இதற்கெல்லாம் விதி வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ல் விளம்பரங்களுக்கு நெறிமுறை வெளியிட்டது. சிபாரிசு செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் இருக்கும் அதே மொழியில் இருக்க வேண்டும். இணையத்தில் சிபாரிசு செய்கிறவர்களுக்கென்றே 2023 ஜனவரியில் ஒரு விளக்கமும் வந்தது. தவறான விளம்பரத்துக்கு 2019-ம் வருஷச் சட்டப்படி பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. பையனுடைய ஐந்து வருஷக் கமிஷனைச் சேர்த்தாலும் வட்டிக்குக்கூடக் காணாது.

ஆனால் அபராதத்தைச் சொல்லி அவனைப் பயமுறுத்த மனசு வரவில்லை. கூடத்துச் சுவரைக் காட்டினேன். தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் சிவகாசியில் அச்சடித்தது.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"நல்ல நேரம், ராகு காலம், சந்திராஷ்டமம்..."

"அதுக்கு மேலே?"

"ஜவுளிக்கடை பேரு."

"எவ்வளவு பெருசா?"

பையனுக்குப் புரிந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க ஒரு ஜவுளிக்கடை நமக்கு ராகு காலம் சொல்கிறது. நாம் கோபப்படுகிறோமா? இல்லை. உபயம் யாரென்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கடை பெயரைக் கடைசித் தாளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, 'இன்று புடவை எடுக்க உத்தமமான நாள்' என்று தினமும் அச்சடித்தால் அது காலண்டர் இல்லை, சதி. மெக்கானிக் அண்ணாச்சியும் கமிஷன் வாங்குகிறார். கேட்டால் சொல்கிறார். தேவையில்லாதபோது 'வேண்டாம்' என்றும் சொல்கிறார். அவரைக் காப்பாற்றுவது ஒரே தெரு. இணையத்துக்குத் தெரு கிடையாது. அங்கே கொட்டை எழுத்துதான் தெரு.

காரோ மிக்ஸியோ, இலவசமாகச் சொல்லிக் கொடுப்பவரிடம் போகும்போது நான் இப்போது மூன்றைப் பார்க்கிறேன். ஒன்று, இவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பக்கத்தின் உச்சியில் தமிழில் போட்டிருக்கிறாரா? இரண்டு, ஒன்றும் வாங்காமல் செய்து பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறாரா? மூன்று, 'இதை நீங்கள் தொடாதீர்கள், மெக்கானிக்கிடம் போங்கள்' என்று எங்கேயாவது சொல்கிறாரா? பிரேக், ஏர்பேக் மாதிரி சமாசாரங்களில் அப்படிச் சொல்லாதவர், நம் கழுத்தைவிட தன் பட்டனை நேசிக்கிறார் என்று அர்த்தம்.

* * *

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"மாமா, எட்டாவது காரணத்தை முதல் காரணமாப் போட்டுட்டேன். மேலேயே பெரிய எழுத்துல 'கீழே உள்ள பட்டன் மூலம் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு. முதலில் ஆப்ப சோடாவைப் போட்டுப் பாருங்கள்'னு எழுதிட்டேன்."

"சபாஷ். வருமானம்?"

"அந்தக் கட்டுரைல பாதியாயிருச்சு."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நியாயத்துக்கு உடனே லாபம் வரும் என்று சினிமாவில்தான் காட்டுவார்கள்.

"டாக்ஸிக்காரருக்கும் எழுதினேன் மாமா. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'பரவால்ல தம்பி. இப்ப ஏ.சி.ல கூலிங் வரமாட்டேங்குது, காசு செலவில்லாம முதல்ல என்ன பாக்கணும்'னு கேட்டிருக்கார்."

நாலாயிரம் ரூபாய் கொடுத்தவர் திரும்பி வந்து வாசலில் நிற்கிறார். இதற்கு எந்தக் கடை என்ன சதவீதம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உற்சாக மிகுதியில் நானும் ஒரு நல்ல காரியம் செய்தேன். பேட்டரி இறங்கினால் உதவுமே என்று ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை அவன் தளத்து மஞ்சள் பட்டனை அமுக்கியே ஆர்டர் செய்துவிட்டு, பெருமையாக அவனிடம் சொன்னேன்.

"ஐயோ மாமா! சொந்தக்காரங்க வாங்கக் கூடாது. எங்க ஒப்பந்தத்துல அப்படி ஒரு ஷரத்து இருக்கு. தனக்கோ உறவுக்காரங்களுக்கோ நம்ம பட்டன் வழியா வாங்கினா கணக்குல சேராது. கேன்சல் பண்ணிடுங்க."

செய்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் வீட்டுப் பக்கத்துக்கு நானாக ஒன்று செய்யப் போனேன். கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

மற்றபடி கார் நன்றாக ஓடுகிறது. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக ஆப்ப சோடா டப்பா வைத்திருக்கிறேன். அடுக்களையில் அதை ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.